கேமராவுக்கு ஒரு த்ரெட்டிங்

என் கேமராவின் ரப்பர் கழன்று தொங்குவதை முதலில் கவனித்தவர் பங்குத் தந்தை. திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு கிராமத்துக் கோயிலில் திருப்பலி நடந்துகொண்டிருந்தது. பீடத்துக்குப் பக்கவாட்டில் ஒரு முழங்காலை மடக்கி, ஒரு கண்ணை மூடி, பெரிய கலைஞன் தோரணையில் நான் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். அவருடைய பார்வை என் முகத்தில் படாமல் அதற்குக் கீழே எங்கோ நின்றது. குனிந்து பார்த்தேன். கட்டைவிரல் வைக்கும் இடத்து ரப்பர், மழையில் நடந்த செருப்பின் அடித்தோல் மாதிரி வாயைப் பிளந்து ஆடிக்கொண்டிருந்தது.

அது மாதக்கணக்காகவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் பக்கத்து வேர்வைக்கும், வயல்வெளியில் பறவைப் படம் பிடிக்கப் போகும்போது நான் அப்பிக்கொள்ளும் கொசுக் களிம்புக்கும் எந்த ரப்பரும் நாளடைவில் ஊதிப்போகும். ஊதிய ரப்பர் பழைய இடத்தில் அடங்காது. கல்லூரி ஆசிரியர்கள் பழைய கால்சட்டையில் அடங்காததைப் போலத்தான். நான் அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே படம் எடுக்கப் பழகியிருந்தேன். பறவைகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை.

அன்றைக்கு விஷயம் வேறு. எங்கள் கல்லூரி நூலகருக்கும் அவர் மனைவிக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். அந்த அம்மாள் கிராம சுகாதார செவிலியர். சில வருடங்களுக்கு முன் அடித்த புயலில் அவர்கள் வீட்டுக் கூரை போய், பீரோவுக்குள் தண்ணீர் நின்று, கல்யாண ஆல்பம் ஒரே செங்கல்லாக இறுகிவிட்டது. பக்கத்தைப் பிரித்தால் மாப்பிள்ளையின் கோட்டு பெண்ணின் முகத்தோடு வந்தது. இப்போது அதே இடத்தில் புது வீடு. அடுத்த வார ஞாயிறு, ஃபாதர் வந்து வீட்டை மந்திரிக்கிறார். அதற்கு எட்டு நாள் முன்னால், அந்தச் சனிக்கிழமையே, கல்யாணம் நடந்த அதே கோயிலில், அதே திருமண வார்த்தைப்பாட்டைப் புதுப்பித்துக்கொண்டு, எடுக்கும் படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டுவதாக அந்த அம்மாள் முடிவு செய்திருந்தார். ஆணி ஏற்கெனவே அடித்தாகிவிட்டது.

நூலகர் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லத்தான் இருந்தார். "நான் இருக்கேன்ல" என்று தடுத்தவன் நான். மீன்கொத்தி பிடிக்கத் தெரிந்தவனுக்கு நூலகர் எம்மாத்திரம் என்று நினைத்தேன்.

பாபநாசத்தில் என் வீட்டுக்குத் திரும்பிய மறுநாள் காலை, நியாயமாக முதலில் செய்திருக்க வேண்டியது, மெமரி கார்டைக் கழற்றிப் படங்களைக் கணினியில் ஏற்றுவது. நான் முதலில் செய்தது ரப்பரை ஒட்டியது. பாதிரியார் பார்த்த பார்வை அப்படி. பெட்டிக்கடையில் விற்கும் உடனடிப் பசையை வாங்கி, ஒரு சொட்டு போதும் என்று அட்டையில் எழுதியிருந்ததைப் படித்து, அது சாதாரண மக்களுக்குச் சொன்னது என்று கருதி ஆறு சொட்டு விட்டேன். ரப்பர் ஒட்டியது. ரப்பரோடு என் இரண்டு விரல்களும் ஒட்டின.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் பள்ளி ஆசிரியை. ஒரு பையன் பேசாமல் உட்கார்ந்திருந்தாலே தவறு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, அரை மணி நேரமா அத புடிச்சிக்கிட்டே இருக்கீங்க?"

"அது காயணும்."

"அது காய்ஞ்சிருச்சு. உங்க கைய எடுங்க பாப்பம்."

வெந்நீர், சோப்பு, நல்லெண்ணெய், வசவு எல்லாம் சேர்ந்து விரல்களை மீட்டன. அதன் பிறகுதான் கார்டை எடுக்கப் போனேன். உரிந்திருந்த அந்த ரப்பர்த் துண்டு இருந்தது கார்டு மூடியின் மேலேயே. ஆறு சொட்டில் நாலு, மூடியின் இடுக்கு வழியாக இறங்கி, மூடியையும் உடம்பையும் ஒன்றாக்கியிருந்தன. நகத்தால் நெம்பினேன். அசையவில்லை. கம்பி செருகிப் படங்களை இறக்கும் துளையோ நான் கேமராவைக் கீழே போட்ட அன்றே உடைந்துவிட்டது. அதைச் சரிசெய்வதை நான் இரண்டு வருடங்களாகத் திட்டமிட்டு வந்தேன்.

கேமராவுக்கு ஒரு குறையும் இல்லை. பொத்தானை அழுத்தினால் திரையில் படங்கள் வந்தன. பட்டுப் புடவையில் அந்த அம்மாள், மாலையோடு நூலகர், மோதிரம், மெழுகுவர்த்தி, எல்லாம் தீப்பெட்டி அளவில். பார்க்கலாம், எடுக்க முடியாது.

திருச்சியில் பழுது பார்ப்பவர் நிதானமானவர். மூடியை உடைத்துத்தான் எடுக்க வேண்டும், உடைக்கும்போது உள்ளே கார்டு என்ன ஆகும் என்று தன்னால் சொல்ல முடியாது, சென்னைக்கு அனுப்பினால் மூன்று வாரம் ஆகும் என்றார். ஞாயிற்றுக்கிழமைக்கு நாலே நாள் இருந்தது. நூலகர் வேறு தினமும் போன் செய்தார். "அவசரம் ஒண்ணுமில்ல சார், ஃப்ரேம் கடக்காரன் சைஸ் கேக்குறான், அதான்." நான் வண்ணம் சரிபார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் கலை நயம் மிக்கது அது.

அன்று சாயங்காலம் மனைவி என் விரலைப் பிடித்துப் பார்த்தாள். பசை இன்னும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது.

"நம்ம பார்லர்ல ஒரு பொண்ணுக்கு ஒட்டு நகம் சதையோட ஒட்டிக்கிட்டு அழுதுச்சு. அந்தம்மா ஒரு சொட்டு ரத்தம் வராம எடுத்தாங்க. அதுவும் இதே பசைதான்."

"கேமராவ பியூட்டி பார்லருக்கா?"

"வேற எங்க கொண்டு போறதா உத்தேசம்?"

வேறு உத்தேசம் இல்லை. மறுநாள் மதியம் போனோம். 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகையின் கீழே, மஞ்சள் பையில் கேமராவோடு நான் நின்ற இரண்டு நிமிடத்தில், என் பழைய மாணவர்கள் மூன்று பேர் வண்டியை மெதுவாக்கி வணக்கம் சொன்னார்கள்.

பார்லர் அம்மாளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்துக் கிராமம். அம்மா இன்னும் நடவுக்குப் போகிறார், மகள் கடை வைத்து ஏழு வருடமாகிறது என்று மனைவி வழியில் சொல்லியிருந்தாள். உள்ளே ஒரு வாடிக்கையாளர் முகம் முழுக்கப் பச்சைப் பூச்சோடு சாய்ந்திருந்தார். பூச்சு காயும்வரை முகம் அசையக் கூடாதாம்.

"சொல்லுங்க டீச்சர், சாருக்கு ஃபேஷியலா?"

"அவருக்கு அதெல்லாம் பத்தாது. இதப் பாருங்க."

நான் நடந்ததைச் சொன்னேன். ஆறு சொட்டு என்று சொன்ன இடத்தில் பச்சை முகத்தில் ஒரு விரிசல் விழுந்தது.

"சிரிக்காதீங்கக்கா, ஃபேஸ் பேக்கு ஒடஞ்சிரும்" என்றார் பார்லர் அம்மாள், திரும்பிப் பார்க்காமலே. பிறகு என்னிடம், "உள்ள என்ன படம் சார்?" என்றார்.

திரையில் காட்டினேன். ஆல்பம் போன கதையையும், ஆணி அடித்த கதையையும் மனைவி சொன்னாள். அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கேமராவை என்னிடம் நீட்டினார்.

"மொதல்ல பேட்டரிய எடுங்க. உசுரு இருக்கறப்ப நான் கை வைக்க மாட்டேன்."

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் மனைவி அதை இன்றும் ஒரு சாதனையாகச் சொல்கிறாள், என்னுடைய சாதனையாக அல்ல.

கேமராவின் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைக் கட்டினார், முடிவெட்ட உட்கார்ந்த ஆளுக்குக் கட்டுவது போல. நகப்பூச்சு நீக்கும் திரவத்தை எடுத்தார். அதை நேரே ஊற்றுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அரை பாட்டில் ஊற்றியிருப்பேன். அவர் பஞ்சுக் குச்சியின் நுனியை நனைத்து, பேட்டரி அறையின் உள் ஓரத்தில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"யாருக்கு டை போட்டாலும் காதுக்குப் பின்னாடி மொதல்ல வச்சுப் பாப்பேன் சார். அரிச்சா அதோட நிறுத்திக்கலாம்ல."

குச்சியின் நுனி கறுப்பாக வந்தது. அதை என் முன்னால் நீட்டினார். "பாருங்க, உடம்பையே உருக்குது. ஊத்துனோம், போச்சு."

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் த்ரெட்டிங் என்று புருவம் திருத்தும் நூல்கண்டை எடுத்தார். ஒரு முழம் உருவி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, மறுமுனையை விரலில் சுற்றிக்கொண்டார். ரப்பரின் ஒரு மூலை என் ஆறு சொட்டுக்கும் தப்பியிருந்தது. அதன் அடியில் நூலைக் கொடுத்து, முன்னும் பின்னுமாக மிக மெதுவாக இழுத்தார். நூல் மூடியைத் தொட்டது, ரப்பரைத் தொட்டது, இரண்டையும் கீறவில்லை. நடுவில் இருந்த பசையை மட்டும் பொடிப்பொடியாக அறுத்தது. பிசிறு விழுந்த நூலைப் போட்டுவிட்டுப் புது நூல். மறுபடி புது நூல். பல்லில் நூல் இருந்ததால் மனைவி கேட்டதற்கெல்லாம் "ம்" மட்டும் வந்தது. ரப்பர் கிழியாமல், ஒரு வாழைப்பட்டை போல முழுசாக உரிந்து வந்தது.

அடுத்தது மூடியின் இடுக்கு. கோடு மாதிரி மெல்லிய இடைவெளி. அது முழுக்கப் பசை. ஒரே ஒரு நூலைத் திரவத்தில் தோய்த்து, துண்டில் துடைத்து, ஈரம் இருக்கிறதா இல்லையா என்ற அளவில் அந்தக் கோட்டில் வைத்து இழுத்தார். வேண்டிய இடத்துக்கு மட்டும் மருந்து, பக்கத்தில் ஒரு மயிரிழைக்கும் இல்லை. முக்கால் மணி நேரம் போயிற்று. எனக்குப் பொறுக்கவில்லை.

"இப்ப நெம்பிப் பாக்கலாமா?"

பல்லிலிருந்து நூலை எடுத்தார். "சார், ஒட்டுனது தானா விடணும். புடுங்குனா கூட இருக்கறதையும் சேத்து எடுத்துக்கிட்டு வரும். செத்த உக்காருங்க."

உட்கார்ந்தேன். கையின் நேர்த்தி பற்றியும், பொருளோடு பழகும் அறிவு பற்றியும் நான் ஒரு அலமாரி நிறையப் படித்திருக்கிறேன். கருத்தரங்குகளில் நாற்பது நிமிடம் பேசியும் இருக்கிறேன். அதில் ஒரு வரிகூட எனக்கு ஆறு சொட்டு விடாதே என்று சொல்லித்தரவில்லை. இந்த அம்மாள் கேமராவைக் கையில் எடுப்பது இதுதான் முதல் தடவை. ஆனால் எது தாங்கும், எது தாங்காது, எங்கே தொட வேண்டும், எப்போது கையை எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது. மனிதத் தோலில் வேலை செய்கிறவருக்கு ரப்பர் ஒரு பொருட்டா என்ன.

'டக்' என்று ஒரு சத்தம். மூடி சறுக்கித் திறந்துகொண்டது. நான் கையை நீட்டுவதற்குள் என் மனைவி கார்டை எடுத்துத் தன் பர்சில் போட்டுப் பொத்தானையும் அழுத்திவிட்டாள்.

"நல்லது டீச்சர்," என்றார் பச்சை முகம், பல்லைத் திறக்காமல்.

பார்லர் அம்மாள் அதோடு விடவில்லை. ரப்பரின் அடியில் இருந்த பழைய பிசினைச் சுரண்டி எடுத்தார், வைத்துப் பார்த்தார், ஓரம் வெளியே நீட்டியதை நக வெட்டியால் இம்மியளவு நறுக்கினார். பிறகு மணப்பெண்ணின் நெற்றிச்சுட்டி நகராமல் இருக்க ஒட்டும் இருபக்க டேப்பை அளவாக வெட்டி ஒட்டி, ரப்பரை நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட்டார்.

"சித்திரை மாசம், ஏசி இல்லாத மண்டபம், ஆறு மணி நேரம் மேடை. வேர்த்து ஊத்துனாலும் சுட்டி அசையாது சார். உங்க கட்டவெரலு என்ன பண்ணிரப் போவுது?"

அது இன்றுவரை அசையவில்லை.

கேமராத் திரையில் பார்த்தே ஒரு படத்தைத் தேர்ந்து, சனிக்கிழமை காலையில் கடையில் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஞாயிறு விடிந்ததும் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டே போனேன். ஃபாதர் வருவதற்குள் நூலகர் அதை ஆணியில் மாட்டினார். அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து முன்னால் நின்றார். நானும் பின்னால் நின்று அண்ணாந்து பார்த்தேன். தீப்பெட்டி அளவில் தெரியாதது ஒன்று இரண்டடி அளவில் நன்றாகவே தெரிந்தது. நூலகர் கண்ணை மூடியிருந்தார். லேசாக அல்ல, உறங்குகிறவர் மாதிரி.

"மன்னிச்சிருங்கம்மா" என்றேன். "கண்ணு தொறந்தது ஒண்ணு தேடி எடுத்து, வர்ற வாரம் மாத்திக் குடுத்துர்றேன்."

அந்த அம்மாள் படத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"பழைய ஆல்பத்துலயும் இப்பிடித்தான் சார். அத்தன படம், ஒண்ணுலயாவது கண்ணத் தொறந்திருந்தாருங்கிறீங்க? எங்கண்ணன் கேட்டாரு, மாப்பிள்ள தூங்குறாரா சாமி கும்புடுறாரான்னு."

"ஃப்ளாஷ் அடிச்சா கூசும்ல" என்றார் நூலகர்.

"சார் எங்க ஃப்ளாஷ் அடிச்சாரு?"

அந்த அம்மாள் ஒரு எட்டு முன்னால் போய், இடது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்த ஃப்ரேமை நேராக்கினார்.

"மாத்த வேணாம் சார். இதுவே இருக்கட்டும்."