டிரைவர் கோப்பின் முதல் வரி

ஒரு கோப்பு ஏன் நின்றது என்பது எப்போதும் அந்தக் கோப்பிலேயே எழுதியிருக்கும். யாரும் படிக்க மாட்டார்கள், அவ்வளவுதான். அரசு அலுவலகத்தில் காலம் தள்ளியதில் எனக்குக் கிடைத்த ஞானம் இது ஒன்றே. ஓய்வு பெற்றபின், விண்டோஸுக்குப் பதிலாகக் கணினியை இயக்கும் லினக்ஸைக் கற்றுக்கொண்டபோது அது அந்நியமாகவே படவில்லை. அங்கும் நடப்பது ஒவ்வொன்றுக்கும் பதிவேடு உண்டு. அதையும் யாரும் படிப்பதில்லை.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை மைத்துனன் போனில் அழைத்தான். அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறான். வைரஸ் புகுந்து கணினிகள் முடங்கிப்போன பிறகு, என் பேச்சைக் கேட்டு லினக்ஸுக்கு மாறியவன். ஆகவே அங்கே மின்விசிறி நின்றாலும் குற்றவாளி நான்தான்.

"மாமா, உங்க லினக்ஸு ஸ்டிக்கர் அடிக்க மாட்டேங்குதுங்க. லாரி ரெண்டு மணிக்குங்க."

போனேன். பேக்கிங் பகுதியில் அட்டைப்பெட்டிகள் கூரை வரை நின்றன. ஒன்றிலும் பார்கோடு ஸ்டிக்கர் இல்லை. அது இல்லாமல் பெட்டி லாரியில் ஏறாது. கணினிக்குப் பக்கத்தில் பேக்கிங் சூப்பர்வைசர் பெண், காலடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்.

"நாளைக்கு எம்பிள்ளைக்கு காதுகுத்து சார். மூணு மணிக்கு பல்லடத்துல மதுர பஸ்ஸ பிடிக்கணும். கடைசிப் பெட்டி ஏறாம நான் எப்படி கெளம்ப?"

பிரிண்டர் விற்றவர் அதற்குள் போனில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். "லினக்ஸ்ல இதெல்லாம் ஆவாதுங்க. விண்டோஸ் போட்டுருங்க." எந்த நோய்க்கும் ஒரே மருந்து வைத்திருக்கும் வைத்தியர்.

நான் முறைப்படி தொடங்கினேன். கேபிள் சரி. கணினிக்குப் பிரிண்டர் தெரிகிறது. ஆனால் நேற்று வரை வேலை செய்த டிரைவரை, அதாவது பிரிண்டரை இயக்கும் கோப்பை, இன்று ஏற்க மறுக்கிறது. இடையில் என்ன நடந்தது? சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஸ்டிக்கர் அளவை மாற்றிவிட்டார். டிரைவர் கோப்பைத் திறந்து ஓரிடத்தில் அளவை மாற்றச் சொல்லி விற்றவர் வழிகாட்ட, மைத்துனன் தானே மாற்றியிருக்கிறான்.

"பழைய நகல் வெச்சிருக்கியா, மாப்பிள்ளை?"

"அதுலயேதானுங்க எழுதுனேன்."

எங்கள் அலுவலகத்தில் சேர்ந்திருந்தால் நல்ல எதிர்காலம் இருந்திருக்கும்.

பதிவேட்டைத் திறந்தேன். மூன்று மணி நேரமாக அது ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தது: முதல் வரியில் இருக்க வேண்டிய தலைப்பு இல்லை. டிரைவர் கோப்பைப் பார்த்தேன். முதல் வரியில், நட்டநடுவில், தன்னந்தனியாக ஒரு 'உ'. பிள்ளையார் சுழி.

"நாந்தானுங்க போட்டேன்," என்றான். "புது சைஸுங்களே, நல்லபடியா ஆகோணும்னு."

"முதல் வரியில அதோட தலைப்பு இருந்தாத்தான் இது டிரைவர்னு கணினி ஒத்துக்கும். தலைப்பு ரெண்டாவது வரிக்குப் போயிருச்சு. அழிச்சரலாம்."

"அழிக்கறதுங்களா? வெள்ளிக்கெழமையுமா அதுவுமா பிள்ளையாரத் தூக்கச் சொல்றீங்களே!"

சூப்பர்வைசர் எழுந்துவிட்டார். "அழிங்க சார். பிள்ளையாரு கோவிச்சா ஊர்லயிருந்து வந்து நான் தேங்கா ஒடைக்கேன்."

இருவருக்கும் விதியில் இடம் இருந்தது. டிரைவர் கோப்பில் நட்சத்திரக் குறியும் சதவீதக் குறியும் போட்டு எழுதும் எதையும் கணினி வெறும் குறிப்பாக எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். தலைப்பை முதல் வரிக்கு ஏற்றினேன். அந்த இரண்டு குறிகளையும் போட்டு, பிள்ளையாரை இரண்டாவது வரியில் அமர்த்தினேன்.

"கீழ எறக்கிப்போட்டீங்களே, மாமா."

"எறக்கலை. இடமாறுதல்."

கணினி ஒரு முனகலும் இல்லாமல் டிரைவரை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஸ்டிக்கர் வரவில்லை. பிரிண்ட் வரிசையைப் பார்த்தேன். காலையிலிருந்து போகிறவர் வருகிறவர் எல்லாம் பிரிண்ட் பொத்தானை அமுக்கியதில் ஐம்பத்தாறு வேலைகள் குவிந்திருந்தன. தோல்வி தாங்காமல் வரிசையே நின்றுபோயிருந்தது. அத்தனையையும் ரத்து செய்தேன். வரிசையைத் திறந்தேன். ஒரே ஒரு ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்தேன்.

சர்ரென்று வந்தது. புது அளவு, ஓரம் பிசகாமல். சூப்பர்வைசர் அதன்மேல் ஸ்கேனரைக் காட்டினார். பீப் என்றது. அரசாங்கத்தில் எனக்குக் கிடைத்த எந்தப் பாராட்டும் அவ்வளவு சுருக்கமாகவும் தெளிவாகவும் இருந்ததில்லை.

அப்போது மணி பன்னிரண்டரை. தையல் பகுதியிலிருந்தும் ஆட்கள் வந்து ஒட்டினார்கள். விற்றவர் மறுபடி அழைத்தார். "விண்டோஸ் போட்டாச்சுங்களா?" போனை நானே வாங்கி, தேவைப்படவில்லை என்று மிகுந்த மரியாதையோடு தெரிவித்தேன். அந்த மரியாதையை நான் முழுமையாக அனுபவித்தேன்.

லாரி இரண்டு இருபதுக்குக் கிளம்பியது. மைத்துனனே காரில் சூப்பர்வைசரைப் பல்லடத்தில் கொண்டுபோய் விட்டான். மறுநாள் அவனுக்கு வந்த படத்தை எனக்கும் அனுப்பினான். தாய்மாமன் மடியில் பிள்ளை, காதில் புதுக் கம்மல், வாய் கொள்ளாத அழுகை. பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா. படத்தோடு எனக்கு நன்றி எதுவும் வரவில்லை. பாதகமில்லை, அதை இந்தப் பதிவேட்டில் நானே எழுதிவிட்டேன்.