மாசிப்பச்சை மாலையும் முட்டைப் பொரியலும்

மலேசியாவில், பூச்சோங்கில் எங்கள் அடுக்குமாடியில், பக்கத்து வீட்டுச் சீனக்கார லிம் ஆன்டி வாணலி வைத்தால் பூமாலை வாசம் வரும். கோயிலில் வரவேண்டிய வாசம் முட்டைப் பொரியலோடு சேர்ந்து வருவதற்கு இத்தனை வருடங்களில் என் மூக்கு பழகிவிட்டது, மனசுதான் பழகவில்லை. அவர் நறுக்கிப் போடுவது எங்கள் ஊர் மாசிப்பச்சை.

நிலக்கோட்டையில் அப்பா அதை மாலைக்கென்றே பயிர் செய்தார். வேரோடு பிரித்து நட்டால் போதும், அது பாட்டுக்குப் பரவும். இலையைத் திருப்பினால் பஞ்சு ஒட்டியதுபோல வெளுத்திருக்கும். "பூக்க விட்டுறாத தாயி, வாசம் போயிரும். நுனியைக் கிள்ளு" என்பார். என் கல்யாண மாலையில் மல்லிகைக்கு நடுவே அவர் கிள்ளிய நுனிகள்தான் இருந்தன. அந்த வாசத்தோடுதான் விமானம் ஏறினேன்.

மகள் கவிதாவின் மாலையிலும் அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அப்பா இப்போது இல்லை. அவர் கை பட்டதுபோல ஏதாவது ஒன்று அவள் கழுத்தில் கிடக்கட்டும் என்று நினைத்தேன். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் கேட்டால், "அதெல்லாம் இங்க வராதுக்கா, துளசி வச்சுக் கட்டித் தரேன் லா" என்றார் கடைக்காரர். நான் நட்ட செடிகளோ இந்த ஊர் மழையில் ஒவ்வொரு முறையும் வேர் அழுகிப் போயின. ஆன்டியின் பெயின்ட் டின்னில் மட்டும் புதராக நின்றது.

எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில், மகளுக்குக் கல்யாணம், இந்த இலையெல்லாம் எனக்கு வேண்டும் என்றேன். "போலே, போலே", அதற்கென்ன, தரலாம் என்று தாராளமாகத் தலையாட்டினார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு இலை என்றால் மாலைக்குத்தானே என்று நானும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை கூடையோடு போனேன். டின்னில் வெறும் கட்டைகள்தான் நின்றன. உள்ளே ஆன்டி முழங்கைவரை பச்சை மாவோடு, வேர்க்கடலை வைத்து உருண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "கஹ்வின் மா, ராமாய் ஓராங் மக்கான்" என்று சிரித்தார். கல்யாணமாச்சே, நிறையப் பேர் சாப்பிடுவார்களாம். விடிவதற்கு முன்பே எழுந்து என் மகளுக்காக எல்லாவற்றையும் அரைத்திருக்கிறார். கோபப்படவும் வழியில்லை. கண் கலங்கியதை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார்.

என்னைத் தேடி வந்த கவிதா, ஆவியில் வெந்து இறக்கியிருந்த ஒரு உருண்டையைப் பிட்டு வாயில் போட்டாள். நான் சேலைக்கடை வேலைக்குப் போன காலமெல்லாம் இந்த அடுப்படியில் வளர்ந்தவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா, இதான் நம்ம வீட்டு வாசம்" என்றாள். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. மாலையைத் துளசி வைத்தே கட்டினார்கள்.

அந்தக் கட்டைகள் மறுபடியும் துளிர்த்தன. ஆன்டி வேரோடு பிரித்துத் தந்த ஒரு துண்டு, மழை படாத என் ஜன்னலோரம் இப்போது புதராகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கவிதா வந்தால் முட்டையோடு பொரித்துத் தரச் சொல்கிறாள். பூக்கும் முன் கிள்ளி எடுத்து, ஒரு நுனியை மட்டும் என் கொண்டையில் செருகிக்கொண்டு, மிச்சத்தை அவளுக்காக நறுக்குகிறேன்.