வைத்தியக் குதிகால்

நான் கால் முதலில் வந்து பிறந்தவள். அம்மாவை அந்த ஒரு நாள் படுத்திய பாட்டுக்கு ஊரில் எனக்கு ஏக மரியாதை. காலால் பிறந்த பிள்ளை தடவினால் சுளுக்கு ஓடிவிடுமாம். இடுப்பு பிடித்தவர்கள் எல்லாம் எங்கள் வாசலில் வந்து குப்புறப் படுப்பார்கள். நான் வலது குதிகாலால் மெல்லத் தடவிவிட வேண்டும். கல்வராயன் மலையிலிருந்து சந்தைக்கு இறங்குபவர்கள்கூடப் படுத்து எழுந்து, ஒரு படி சாமை கொடுத்துவிட்டுப் போவார்கள். எனக்குத் தலைகால் புரியாது.

ஆறாம் வகுப்புக்குக் கள்ளக்குறிச்சியில் சேர்த்தார்கள். கறுப்பு ஷூ கட்டாயம். தினமும் அப்பாதான் குனிந்து லேஸ் கட்டிவிடுவார். கொஞ்ச நாளிலேயே அந்த வலது குதிகால் வலிக்க ஆரம்பித்தது. வெறுங்காலில் ஒன்றுமில்லை, ஷூவுக்குள் விட்டால் உயிர் போகும். அப்பா ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினார். ஆணியும் இல்லை, கல்லும் இல்லை. அம்மா பஞ்சு வைத்துப் பார்த்தாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறேன் என்றான் அண்ணன்.

அத்தைதான் கண்டுபிடித்தாள். "ஊரு வலிய எல்லாம் இது கால்ல வாங்கி வச்சிக்கினு இருக்குது. ஷூ போட்டு மூடுனா அது எங்க போவும்? உள்ளயே நின்னுக்கினு குத்துது."

இன்னும் இரண்டு முதுகு தடவினால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்தேன். யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் தெரிந்தாலே மாட்டுக்கொட்டகைக்குள் ஓடி ஒளிந்தேன்.

அந்த வாரமே மரவள்ளி மூட்டையைத் தூக்கப் போய் அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. புரண்டு படுக்க முடியவில்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

"புள்ளைய ஒண்ணும் சொல்லாத. அதுக்கே கால் வலி" என்றார் அப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. போனால் போகட்டும் இந்தக் கால் என்று அழுதுகொண்டே அவர் இடுப்பில் குதிகாலை வைத்துத் தடவினேன்.

"இப்ப எப்பிடிப்பா இருக்குது?"

"இன்னா மாயம் பண்ண? வலி இருந்த எடமே தெரியலம்மா."

மறுநாள் அப்பா எழுந்து நின்றுவிட்டார். எனக்கோ ஷூவுக்குள் வலி ஜாஸ்தியாகியிருந்தது. சந்தேகமே இல்லை, அது அப்பாவின் வலிதான். பயமெல்லாம் போய், பெருமையாக நொண்டினேன். பார்த்துக்கொண்டிருந்த அப்பா, அன்றைக்கே என்னை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

டாக்டர் குதிகாலை அமுக்கிப் பார்த்தார். "வளர்ற எலும்பு. ஷூவோட பின்பக்கம் கெட்டியா அழுத்துது. மெத்துனு ஒண்ணு வாங்கிக் குடுங்க, சரியாயிடும்." பாவம், அவருக்கு நான் எப்படிப் பிறந்தேன் என்று தெரியாது.

புது ஷூ வாங்கினோம். கடையில் அப்பா குனியவே இல்லை. "லேஸ நீயே கட்டிக்கம்மா" என்றார். டாக்டரிடம் காத்திருந்தபோதும் பெஞ்சில் உட்காரவில்லை. திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்து சீட்டு காலியாகவே வந்தது. அவர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருப்பா."

"எனக்கு இன்னா? அதான் நீ சரி பண்ணிட்டியே" என்று சிரித்தார்.

அவ்வளவு நன்றாகக் குணப்படுத்தியிருக்கிறேன் என்ற சந்தோஷத்தில், வீடு வரும்வரை நான் மலையை வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தேன்.