லாபம், இரண்டு, மூன்று

என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, பேச்சு போய், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குத் திரும்பியபோது கொல்லையில் நான்கு கோழிகள் இருந்தன. நான்கும் அவள் வளர்த்தவை. அவற்றை விரட்டியதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை. கோவில்பத்திலிருந்து டவுன் ஆபீசுக்குக் கிளம்பும் அவசரத்தில் பைக் சீட்டில் எச்சத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் கோழிமேல் அன்பு வரும்.

வலது கையும் காலும் மெல்ல மெல்லத் தேறின. பேச்சுதான் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிந்தது; பதில் சொல்ல வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "கெழமைப் பேரு, மாசப் பேரு, சாமி பாட்டு, எதையாவது சொல்ல வையுங்க சார். வாயில பழகுன வார்த்தைதான் மொதல்ல வரும்" என்றாள். நான் ஞாயிறு, திங்கள் என்று வாத்தியார் மாதிரி ஆரம்பித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒருநாள் சாயங்காலம் கூண்டுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கோழிகள் அடைய வந்தன. முதல் கோழி தலையைத் தாழ்த்திக் கூண்டுக்குள் நுழைந்ததும், "லாபம்" என்றாள்.

அவள் நெல் விளைகிற வீட்டுப் பெண். களத்தில் மரக்காலால் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள். லாபம் என்பார்கள், அதற்கப்புறம்தான் இரண்டு, மூன்று. அந்த வழக்கத்தை இவள் கோழி அடைப்பதற்கும் கொண்டுவந்திருந்தாள். "கோழியில என்னடி லாபம், கொல்லை பூரா பீதான் லாபம்" என்று எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். அன்று கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன்.

"ரெண்டு" என்றாள். "மூணு." "நாலு." கோழிகள் தீர்ந்தன. வாயும் மூடிக்கொண்டது.

"அஞ்சு சொல்லு" என்றேன். கூண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஐந்தாவது கோழி இல்லாமல் ஐந்து எங்கிருந்து வரும்.

மறுநாளே இரண்டு கோழி வாங்கிவந்து விட்டேன். அன்று சாயங்காலம் ஐந்தும் வந்தது, ஆறும் வந்தது.

அதற்குப் பிறகு என் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஒரு குஞ்சு வியாபாரி தெருவுக்கு வருவார். அந்தச் சத்தம் கேட்டால் சாப்பாட்டில் வைத்த கையோடு எழுந்து ஓடினேன். இரண்டு வாங்கப் போய் நான்கு வாங்கினேன். வியாபாரியின் பெட்டியில் மீதி இருக்கிற ஒன்றை எதற்கு விடுவது என்று அதையும் வாங்கினேன். எனக்கு அவை குஞ்சுகளாகவே தெரியவில்லை, எண்களாகத் தெரிந்தன. எட்டு மட்டும் நான்கு நாள் இழுத்தது. சொல் வராத ஆத்திரத்தில் காலால் தரையை உதைத்தாள். ஐந்தாம் நாள் வந்துவிட்டது.

கோயம்புத்தூரில் இருக்கும் எங்கள் மகள் வாரத்துக்கு ஒருமுறை போனில் கேட்பாள்: "அம்மா எத்தனை வரைக்கும் வந்தாங்கப்பா?" பரீட்சை மார்க்கைச் சொல்வதுபோல, பதினொன்று, பதினாலு என்று சொல்வேன்.

ஆனால் கோழியைத் தாண்டி ஒரு சொல்லும் வரவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் அப்போதும் கையைத்தான் காட்டினாள். கூண்டில் இடம் போதவில்லை. பெரிய கோழிகள் சின்னவற்றைக் கொத்தின; கொல்லைக் கதவைத் திறந்தாலே நாற்றம் அடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குஞ்சுப் பெட்டியோடு உள்ளே வந்தபோது, அவள் இடது கையை மேலும் கீழுமாக ஆட்டிப் போதும் போதும் என்று காட்டினாள். எனக்குப் புரியாததுபோல் இருந்துவிட்டேன். பேச முடிந்திருந்தால் "போதுங்க, நிறுத்துங்க" என்றிருப்பாள், நானும் நிறுத்தியிருப்பேன். அவளுக்குப் பேச்சு இல்லாதது எனக்கு வசதியாகப் போயிற்று. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

கோழிகள் இருபது ஆயின. பத்தொன்பதுவரை சரளமாக வந்தவள் இருபதில் நின்றுவிட்டாள். இருபதாவது கோழி உள்ளே போகும்; அவள் உதடு கூடும்; சொல் வராது. ஒரு மாதம் அப்படியே போயிற்று. பின்னால் இன்னும் கோழிகள் வரிசையில் நின்றால் வாய் தானாக இருபதைத் தாண்டிவிடும் என்று எனக்கு ஒரு யோசனை. பதினொரு குஞ்சுகள் வாங்கினேன், ஒரு மாதத்துக் குஞ்சுகள்.

"பதினஞ்சு நாளு தனியா அடைச்சு வச்சுப் பாருங்க சார், அப்பறம் சேத்து விடுங்க. நான் நாலு எடத்துல வாங்கி விக்கிறவன்" என்றார் வியாபாரி.

எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் தனியாக அடைத்த குஞ்சு சாயங்காலம் கூண்டுக்குள் நுழையாது, நுழையாததை அவள் எண்ணமாட்டாள். பதினைந்து நாள் பொறுக்க என்னால் முடியவில்லை. அன்றைக்கே எல்லாவற்றோடும் சேர்த்து விட்டேன். அன்றும் அவள் பத்தொன்பதோடு நின்றாள். மீதி சத்தமில்லாமல் உள்ளே போயின.

ஐந்தாம் நாள் புதுக் குஞ்சுகளில் மூன்று சிறகைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றன. வெள்ளைக் கழிச்சல் நோய், ஒன்றுக்கு வந்தால் கூண்டு முழுக்கப் பரவும். கால்நடை மருத்துவர், "வர்றதுக்கு முன்னாடி தடுப்பு மருந்து போட்டிருக்கணுங்க. வந்த பெறகு ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். மறுநாள் காலையில் அந்த மூன்றும் செத்துக் கிடந்தன.

முருங்கை மரத்தடியில் குழி வெட்டினேன். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள். முதல் குஞ்சைக் குழியில் வைத்தேன்.

"ஒண்ணு" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் எதையும் ஒன்று என்று எண்ண ஆரம்பித்து நான் கேட்டதில்லை. அவள் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு" என்றாள். "மூணு."

அடுத்த நாள் இரண்டு போயின. நான்கிலிருந்து தொடர்ந்தாள். முந்தின நாள் விட்ட இடத்தை ராத்திரி முழுக்க மனதில் வைத்திருந்திருக்கிறாள். நான் வெட்டினேன், சுண்ணாம்பு தூவினேன், மூடினேன், அவள் எண்ணினாள். தினமும் காலையில் இதுதான் எங்கள் வேலை. இருபதாவதாகப் போனது அவளுடைய பழைய கறுப்புக் கோழி. முதல் நான்கில் ஒன்று, மற்ற மூன்றும் முன்பே போய்விட்டன. "இருபது" என்றாள். தடங்கலே இல்லை. ஒரு மாதம் காத்திருந்த சொல்லை அப்படிக் கேட்டேன். கறுப்புக் கோழிமேல் மண்ணைத் தள்ளினேன்.

முதல் குழி வெட்டிய ஒன்பதாம் நாள் கூண்டு காலியானது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். அம்மாவும் கேட்கட்டும் என்று வழக்கம்போல ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அம்மா எத்தனை வரைக்கும் வந்தாங்கப்பா?"

"முப்பத்தொண்ணு" என்றேன்.

"முப்பத்தொண்ணா? திக்காம சொன்னாங்களா?"

"ஒரு எடத்துலயும் திக்கல."

"அப்பாடா" என்று மகள் அழுகிற குரலில் சிரித்தாள். "நல்லா வர்றப்ப விட்டுடக் கூடாதுப்பா. இன்னும் ஒரு பத்து குஞ்சு வாங்கி விடுங்க."

"சரிம்மா" என்றேன்.

எதிர் நாற்காலியில் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பேச்சுதான் போனது. காது நன்றாகக் கேட்கும்.