கோபக்காரர்களைக் கூட்டிய செல்வின்

செய்தி எனக்குத் தெலுங்கில் வந்தது. மூன்று வாரங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். பென்ஷனுக்காக, நான் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்று விரல்ரேகை வைக்க வங்கி வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பத்மஜா அழைத்தாள். எங்கள் சனிக்கிழமைக் குழுவில் ஒருத்தி, பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.

"செல்வின் காரு லேரு, அக்கா."

காரு என்பது மரியாதைக்குச் சேர்ப்பது. லேரு என்றால் இல்லை. ஆள் வீட்டில் இல்லை என்பதற்கும் அந்தச் சொல்தான், ஆளே இல்லை என்பதற்கும் அந்தச் சொல்தான். என் காது முதல் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டது. "இந்நேரம் எப்படி இருப்பாரு, ஆபீஸ் போயிருப்பாரு. சாயந்திரம் போய்ப் பாரு" என்றேன். அவள் உடைந்து அழுத பிறகும், "எந்த செல்வின்?" என்று கேட்டேன். இந்த ஹைதராபாத்தில் எனக்குத் தெரிந்த செல்வின் ஒருவர்தான்.

வயது நாற்பத்து நான்கு. மாதாப்பூரில் அவர் வேலை செய்த அலுவலகத்தின் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், எழவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாளுக்கு முந்தைய சனிக்கிழமைதான் என் வடையில் உப்பு குறைவு என்று சொல்லிவிட்டு நாலாவது வடையை எடுத்தார். எனக்கு அதுவே திரும்பத் திரும்பத் தோன்றியது. நாலு வடை தின்ற மனிதர். கவுன்டரில் இருந்த பெண் "மேடம், விரலை வைங்க" என்றாள். நான் விரலை வைத்தேன், ரேகை பதியவில்லை.

செல்வினை அறிந்த உங்களில் சிலருக்கு அவர் சாஃப்ட்வேர் டெஸ்டிங் டீமின் லீடாக, தலைவராக இருந்தவர். சிலருக்கு குஷாய்குடா அடுக்ககத்தில் மூன்றாவது மாடி, பெனிட்டாவின் கணவர், ஜெஸியின் அப்பா. நாகர்கோவில் பக்கத்திலிருந்து பதினாறு வருடத்துக்கு முன் இங்கே வந்தவர். பேச்சு மட்டும் வரவேயில்லை, அது ஊரிலேயே தங்கிவிட்டது. எனக்கு அவர் யார் என்பதைச் சொல்ல அந்த நோட்டீஸிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்கு முன் எங்கள் அடுக்ககத்தின் அறிவிப்புப் பலகையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'கோபம் அதிகம் வருகிறவர்கள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கம்யூனிட்டி ஹாலுக்கு வரவும். இது யோகா அல்ல. தேநீர் உண்டு.' தண்ணீர் லாரி விஷயமாகச் சண்டை போடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து நான் தயாராகப் போனேன். அங்கே பிளாஸ்டிக் நாற்காலியில் செல்வின் தனியாக உட்கார்ந்திருந்தார். பிறகு பத்மஜா வந்தாள். தெருமுனையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அன்வர் பாய் வந்தார். கடைசிவரை நிலைத்தது நாங்கள் நாலு பேர்தான்.

ஸ்டோயிக் தத்துவம் என்ற பெயரை அன்றுதான் கேள்விப்பட்டேன். பழைய கிரேக்கர்களுடையது என்றார். கம்பெனி பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்; அந்த நேரத்தில் போனில் படித்துப் படித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறார். "ஒண்ணுமில்லக்கா. நம்ம கையில இருக்கது எது, இல்லாதது எதுன்னு பிரிச்சுப் பாக்கணும். நாம நடந்துக்கிடுத விதம் நம்ம கையில. மத்ததெல்லாம் வரும், போவும்."

"இதுக்கு எதுக்குக் கூட்டம்? வீட்டுலயே பண்ணலாமே" என்றேன்.

"தனியா இருந்து யோசிச்சா நான் ரொம்ப நல்லவன் பாத்துக்கிடுங்க. நாலு பேருக்க முன்னால சொல்லும்போதுதான் வண்டவாளம் தெரியுது."

அப்படித்தான் அந்தப் பழக்கம் வந்தது. அந்த வாரம் எங்கே சறுக்கினோம் என்று ஒவ்வொருவரும் ஒன்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்கலாம், உபதேசம் செய்யக்கூடாது. தமிழ், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம், எது வருகிறதோ அது.

முதல் சறுக்கலைச் செல்வினே சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கச்சிபௌலி சிக்னலில் ஓர் ஆட்டோ அவருடைய ஸ்கூட்டரை உரசிவிட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினார். கத்தி முடித்த பிறகுதான் ஆட்டோவுக்குள் ஒரு சின்னப் பெண் பயந்து அழுவதைப் பார்த்தார். அதற்குள் பச்சை விழுந்து ஆட்டோ கிளம்பிவிட்டது. மன்னிப்புக் கேட்பதற்காக ஸ்கூட்டரில் பின்னாலேயே போனார். அடிக்க வருகிறான் என்று பயந்து ஆட்டோக்காரர் இன்னும் வேகமாக ஓட்டினார். இரண்டு கிலோமீட்டர். "மன்னிப்பு கேக்க வெரட்டிட்டுப் போனவன் ஹைதராபாத்லயே நான் ஒருத்தன்தான் இருப்பேன்" என்றார். அன்வர் பாய் சிரித்ததில் தேநீர் சட்டையில் கொட்டியது. கடைசியில் பிடித்தாரா என்று கேட்டோம். பிடித்தாராம். ஆட்டோக்காரர் கேட்டது ஒன்றுதான்: "பாகல் ஹை க்யா?" பைத்தியமா நீ?

அவரை நான் முழுதாக அறிந்தது இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. அன்று வழக்கத்துக்கு மாறாக அமைதியாகப் பேசினார். எட்டுப் பேர் கொண்ட அவர் டீமில் ஒருவரைக் கடைசி ரேட்டிங்கில் தள்ள வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. கடைசி ரேட்டிங் என்றால் அடுத்து வேலை போகும். கிரண் என்ற பையனின் பெயரைப் போட்டுவிட்டார். அவன் வேலையில் குறையில்லை. அப்பாவுக்கு டயாலிஸிஸ் என்று அடிக்கடி லீவு எடுத்தவன், அவ்வளவுதான்.

"மேல உள்ளவங்க எடுத்த முடிவு. என் கையில இல்லாத விஷயம். அதுனால மனசப் போட்டு அலட்டிக்கிடல" என்றார்.

பத்மஜா தலையாட்டினாள். அன்வர் பாயும். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. எங்கள் பகுதியில் இருக்கும் அந்தப் பெரிய எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவள் நான். ஒவ்வொரு சர்க்யூட் போர்டும் என் கையெழுத்தோடுதான் வெளியே போகும். பழுதானால் தேடிக்கொண்டு வருவது என்னைத்தான்.

"அந்த ஃபாரத்தை யாருப்பா ஃபில் பண்ணது?" என்றேன்.

"நான்தான்."

"கையெழுத்து?"

அவர் தேநீர்க் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"ஒருத்தரைத் தள்ளுன்னு சொன்னது அவங்க. இவன்தான் மோசம்னு எழுதினது நீ. அது உன் கையிலதானே இருந்துச்சு? கைக்கு இந்தச் சால்ஜாப்பு?"

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த என் வாயில் 'ஏன்' என்பது கோபத்தில் 'கைக்கு' என்றுதான் வரும். மற்ற நாளில் அதைக் கேலி செய்கிற செல்வின் அன்று சிரிக்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. பாதித் தேநீரை வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வரவில்லை. ஒரு நல்ல சிநேகத்தை என் நாக்கால் கெடுத்துக்கொண்டேன் என்று வருந்திக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை வந்தார். நான் கேட்ட அந்தச் சனிக்கு அடுத்த திங்கட்கிழமையே மேலதிகாரியிடம் போய், 'நான் எழுதியது பொய், திருத்த வேண்டும்' என்று சொல்லியிருக்கிறார். முடியாது என்றார்கள். எழுத்தில் கொடுத்தார். கிரணை உட்காரவைத்து நடந்ததை அவனிடமே சொன்னார். பத்து நாள் கழித்து ரேட்டிங் மாறியது. அதோடு செல்வினின் லீட் பொறுப்பும் போனது. வேறொரு புராஜெக்ட்டில் ஆவணம் எழுதும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"போகட்டும், நிம்மதியா இருக்கியா?" என்று கேட்டேன்.

"வலிக்குக்கா. வலிக்கலன்னு சொன்னா அடுத்த பொய்யாயிரும். ஆனா ஒண்ணு, நான் படிச்சதையே ஒளிஞ்சுக்கிடதுக்கு ஒரு மறைவா வச்சுக்கிட்டேன் பாத்தியளா? நீங்க கேக்கலன்னா அப்படியே இருந்திருப்பேன்."

இப்படி ஒரு வார்த்தையை என்னிடம் சொன்ன ஆண்கள் என் வாழ்க்கையில் அதிகம் இல்லை.

அவர் எங்களுக்குத் தந்த பயிற்சிகளில் ஒன்றை நான் தவறாமல் செய்தேன். காலையில் கண் விழித்ததும், நமக்குப் பிரியமானவர்களில் ஒருவரை நினைத்து, இவர் நாளை இல்லாமல் போகலாம் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பார்க்க வேண்டும். "பயப்படதுக்கு இல்ல. இருக்கும்போதே ஒழுங்கா பாத்துக்கிடதுக்கு" என்பார். ஐந்து வருடமாக என் கணவரை நினைத்தேன், மகளை நினைத்தேன், என் முழங்கால்களைக்கூட நினைத்தேன். ஒரு காலையும் செல்வினை நினைக்கவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், மூன்று மாடியை ஓடி ஏறுகிறவர். எல்லாவற்றுக்கும் தயாராக இருக்கிறேன் என்று நம்பியிருந்தேன். பத்மஜாவின் ஒரு வாக்கியத்தில் அந்த நம்பிக்கை மொத்தமும் சரிந்தது. இன்னும் சரிந்தபடியே கிடக்கிறது.

செய்தி வந்த மறுநாள் அவரைக் கொண்டுவந்து கம்யூனிட்டி ஹாலில் வைத்தார்கள். ஊரிலிருந்து அவருடைய அண்ணன் வந்திருந்தார். பெனிட்டா ஒரு மூலையில் சுருண்டு கிடந்தாள். பதின்மூன்று வயது ஜெஸி மட்டும் வருகிறவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பிள்ள அழமாட்டேங்கா. அப்பாவுக்க குரூப்ல அழக்கூடாதுன்னு சொல்லிக் குடுப்பாவளாமே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்படி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? ஜெஸியின் கையைப் பிடித்து, "தைரியமா இருக்கணும் பேட்டா, நீதான் அம்மாவைப் பார்த்துக்கணும்" என்றேன். அவள் "ஓகே ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, மரக்கட்டை போல இன்னொரு நாற்காலியை எடுக்கப் போனாள்.

அன்வர் பாய் அவளைத் தடுத்தார். சனிக்கிழமைகளில் எங்களுள் மிகக் குறைவாகப் பேசுகிறவர் அவர். அவளை உட்காரவைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, உருதுவும் தெலுங்குமாகச் சொன்னார். போன வருடம் செல்வின் கண்ணாடியைச் சரி செய்ய அவர் கடைக்குப் போயிருந்தபோதுதான் செல்வினின் அம்மா இறந்த செய்தி போனில் வந்ததாம். கடையில் ஆட்கள் இருக்கும்போதே, கவுன்டரில் தலையை வைத்துக் கால் மணி நேரம் வாய்விட்டு அழுதாராம். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, 'அழுகை தானா வருது பாய், அத நிறுத்துறது என் வேலை இல்ல. ஊருக்கு டிக்கெட் எடுக்கதுதான் என் வேலை' என்றாராம். "தேரே அப்பா ரோயே பேட்டி. ரோனா ஆரா தோ ரோ" என்றார் அன்வர் பாய். உன் அப்பா அழுதாரம்மா, அழுகை வந்தால் அழு.

ஜெஸி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடமிருந்து வந்த சத்தத்தை என்னால் எழுத முடியாது. பெனிட்டா எழுந்து ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். அதுவரை எனக்கும் ஒரு சொட்டு வந்திருக்கவில்லை.

கூட்டத்தின் பின்னால் கிரண் நின்றிருந்தான். ஆஸ்பத்திரி வரை கூடவே போனது அவன்தான். கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டேன். "ஒன்றுமில்லை மேடம். ஜெஸியின் சயின்ஸ் புராஜெக்ட்டுக்குத் தெர்மோகோல் எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் உட்கார்ந்துவிட்டார்" என்றான் ஆங்கிலத்தில். உலகத்தைப் பற்றி இத்தனை யோசித்தவரின் கடைசி வார்த்தை தெர்மோகோல். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வேகத்தில் அழுகை வந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை ஹாலைத் திறக்கவே யாருக்கும் மனம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் மூன்று பேர் உட்கார்ந்தோம், தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தோம். நேற்றைய சனிக்கிழமை பெனிட்டா ஜெஸியோடு வந்தாள். நான் என் சறுக்கலைச் சொன்னேன். "அன்னிக்கு இந்தப் பொண்ணுகிட்ட தைரியமா இருன்னு சொன்னேன். அவ நல்லதுக்குச் சொல்லல. அவ அழுதா என்னால பார்க்க முடியாது, அதுக்காகச் சொன்னேன். தப்பு."

ஜெஸி தரையைப் பார்த்தபடி, "கோபம் வச்சிந்தி ஆன்ட்டி. சாலா கோபம்" என்றாள். கோபம் வந்தது, ரொம்பக் கோபம். பெனிட்டா அவளை அடக்கப் பார்த்தாள். நக்கோ, வேண்டாம், விடு, சொல்லட்டும் என்றேன்.

செல்வினிடமிருந்து மன அமைதி எனக்குக் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை. நாற்பத்து நான்கு வயதில் ஒரு மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்து போய்விட்டதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அதற்கு எத்தனை சனிக்கிழமை ஆகுமோ தெரியாது. நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. ஐம்பத்து நாலு வயது வரை ஒரு தவற்றையும் வாய்விட்டு ஒப்புக்கொண்டு எனக்குப் பழக்கமில்லை. வீட்டிலும் இல்லை, வேலையிலும் இல்லை. நான் செய்தது தப்பு என்று யாரிடம் செய்தேனோ அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவும், அவர் பதிலுக்குச் சொல்வதை இடத்தை விட்டு எழாமல் கேட்டுக்கொண்டிருக்கவும் இப்போது எனக்குத் தெரியும்.