இன்னும் போணி ஆகவில்லை

ரபேலும் அவர் மகள் கிளாரிசாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு வியாபாரியைப் பலகை வைத்து அடைத்ததுதான்.

வியாபாரி இருந்தது கணினிக்குள். மண்ணைத் தோண்டி, மரத்தை வெட்டி, வீடு கட்டி, பொழுது சாய்ந்தால் நடமாடும் பிணங்களிடமிருந்து தப்பிப் பிழைக்கும் விளையாட்டு அது. மண், மரம், மாடு எல்லாமே கட்டம் கட்டமாக இருக்கும். அந்த உலகத்தில் நீல அங்கி போட்ட ஊர்சுற்றி வியாபாரி ஒருவன், நெட்டைக் கழுத்து லாமாக்கள் இரண்டைக் கயிற்றில் பிடித்தபடி எங்கிருந்தோ வருவான். கொஞ்ச நேரம் நிற்பான். பிறகு காணாமல் போய்விடுவான். அவனிடம் செல்லுபடியாகும் ஒரே காசு பச்சைக் கல்.

அன்று ரபேலிடம் கல் தீர்ந்திருந்தது.

"போணி பண்ணாம எப்படி அனுப்புறது?" என்றார்.

"அனுப்பலாம். அவன் வெறும் ப்ரோகிராம், டேடி."

"ப்ரோகிராமோ பரசுராமோ, வாசலுக்கு வந்துட்டான்லா."

மழை பிடித்துக்கொண்டது. வியாபாரியைப் பிணங்கள் அடித்துவிடாதபடி ரபேல் சுற்றிலும் பலகை வைத்தார். கிளாரிசா தீப்பந்தம் நட்டாள். முன்பக்கம் முகம் தெரிகிற அளவுக்கு இடம் விட்டார். கடை என்றால் முகப்பு வேண்டுமாம். பக்கத்து நிலத்தில் கோதுமை விதைத்தார். விளைந்ததும் அதை ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தானிடம் விற்றால் கல் கிடைக்கும். பிறகு ஒற்றை விரலால் தட்டித் தட்டி வியாபாரிக்குச் செய்தி எழுதினார்: "பாஸ், துங்கு." பொறு என்று மலாயில்.

"இப்ப நிப்பாட்டு மா. எல்லாத்தையும் நிப்பாட்டு. நாளைக்கு மொத வேல இவனுக்குப் போணி."

கிளாரிசா அந்த உலகத்தை நிறுத்தினாள். நிறுத்திய உலகத்தில் கோதுமை விளையாது, வியாபாரியும் போகமாட்டான்.

விடிகாலையில் ரபேலுக்கு நெஞ்சு வலித்தது. ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குப் பிறகு எழுத ஒன்றுமில்லை.

ரபேல் பாசார் மாலாம் வியாபாரி. ஒவ்வொரு நாளும் ஒவ்வோர் ஊரில் கூடும் இரவுச் சந்தைக்குப் பழைய வேனில் கடலை, முறுக்கு, ஓமப்பொடி ஏற்றிக்கொண்டு போவார். பூச்சோங், சுங்கை வே, அம்பாங் என்று வாரம் சுற்றும். பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் படுக்கத்தான் வருவார்.

அவருக்கு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அடுத்த மதம் போணி. முதல் வியாபாரம் படிந்தால் அன்று மழைகூட ஒதுங்கிப் போகும், படியாவிட்டால் கூடாரக் கம்பி தலையில் விழும் என்பார். ஒருமுறை அம்பாங்கில் முதல் ஆளாக ஒரு சீன ஆன்டி வந்து கழிப்பறை எங்கே என்று கேட்டார். ரபேல் கும்பிட்டார்.

"ஆன்டி, சொல்றேன். மொதல்ல ஒரு பொட்டலம்."

ஆன்டி நிற்கும் நிலையில் இல்லை. கைக்கு வந்த சில்லறையை வீசிவிட்டு ஓடினார். திரும்பி வந்து பொட்டலத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு, முழுச் சந்தைக்கும் கேட்கும்படி திட்டிவிட்டுப் போனார். "அன்னைக்குச் சரக்கு பூரா காலி" என்று ரபேல் வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தவன் போணியையும் அவர் கெடுக்கமாட்டார். சோபா விலை விசாரிக்கக் கிள்ளானுக்குப் போனவர், கடைக்காரருக்கு இன்னும் போணி ஆகவில்லை என்று தெரிந்ததும் சோபாவையே வாங்கி வந்தார். அது லிப்டில் ஏறவில்லை. கீழ்த்தளத்தில் காவலாளி இன்றுவரை அதில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

சர்க்கரை நோய் கால் விரல்களைக் கேட்டது. கொடுத்தார். வேனை விற்றார். வீட்டில் உட்கார்ந்து மனைவி ஜோசஃபின் சமையலில் குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தார். கிளாரிசா ஒரு டேட்டா சென்டரில் நெட்வொர்க் இன்ஜினியர். அம்மா கரண்டியை எடுப்பதற்குள் ஏதாவது செய்யவேண்டும் என்று ஒரு பழைய கணினியைச் சர்வராக்கி அந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். கட்டிய வீட்டுக்கு ரபேல் கூரை போடவில்லை, கடைக்குப் போடுகிற மாதிரி கூடாரம் போட்டார்.

ஊர்சுற்றி வியாபாரி முதலில் வந்த அன்று நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"நம்ம ஆளு!"

"இவன் விக்கிறது எல்லாம் குப்பை, டேடி. நிறைய பேர் இவன அடிச்சுக் கொன்னுட்டுக் கயித்த எடுத்துக்குவாங்க."

"போணி ஆகாதவனையா? மனுஷனுங்களா அவனுங்க?"

அன்றிலிருந்து வியாபாரி வரும்போதெல்லாம் ஏதாவது வாங்கினார். பெரும்பாலும் வாளியில் பேத்தை மீன். தின்றால் விஷம். வீட்டைச் சுற்றி வாளி வரிசை நின்றது. லாமாவைத் தட்டிக் கொடுக்கிறேன் என்று தெரியாமல் அடித்தார். அது முகத்தில் துப்பியது. "கஸ்டமர் மேல துப்புது! கூவவும் மாட்டேங்கிறான். எப்படி யாவாரம் ஓடும்?" என்று கவலைப்பட்டார்.

பொழுது சாய்ந்ததும் வியாபாரி ஒரு மருந்தைக் குடித்து மாயமாவான், விடிந்ததும் அதே இடத்தில் தெரிவான். பிணங்களுக்குப் பயந்து என்று கிளாரிசா விளக்கினாள். ரபேல் ஏற்கவில்லை.

"லைசன்ஸ் இருக்காது மா. ஆபீசருங்க ரவுண்டு வர்ற நேரம்."

அவர் வியாபாரிக்கு எழுதியதெல்லாம் அந்த உலகத்தில் சேர்ந்திருக்கும் எல்லோருக்கும் போகும். எல்லோரும் என்றால் கிளாரிசா மட்டும். ஒருநாள் அவள் அலுவலகத்தில், மடிக்கணினியில் விளையாட்டை மூட மறந்து, கருவி விற்க வந்த ஒருவரின் விலைப்பட்டியலைப் பெரிய திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது மூலையில் எழுத்து முளைத்தது: "பாஸ், கூராங் சிக்கிட் லா." கொஞ்சம் குறை, பாஸ். வந்தவர் படித்தார். வியர்த்தார். குறைத்தார். விளையாட்டு வியாபாரி மட்டும் ஒருநாளும் குறைத்ததில்லை.

அடக்கத்துக்குப் பிறகு கிளாரிசா சர்வரைத் தொடவில்லை. ஓடவிட்டால் கோதுமை வளரும், வியாபாரியின் நேரமும் கரையும். டேடி இல்லாத முதல் நிமிடம் அங்கேயும் ஆரம்பித்துவிடும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஃபேன் கெட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொன்னாள்.

ஒரு சனிக்கிழமை வேலாயுதம் வந்தார். இரவுச் சந்தையில் ரபேலுக்குப் பக்கத்துக் கடை, துண்டு வியாபாரம். இருமல் மருந்து விளம்பரம் மாதிரி கனைத்துவிட்டுக் கேட்டார்.

"ஜோசஃபின் அக்கா, அந்த வெளியூர் யாவாரிக்குத் தகவல் சொன்னீங்களா?"

"எந்த யாவாரி?"

"ரெண்டு ஒட்டகம் வெச்சிருக்கானாமே. நீல ஜிப்பா. அண்ணன் போன் பண்ணா அவன் பேச்சுதான். பாவம், ஆளு நல்லவன், யாவாரம்தான் தெரியலன்னு சொல்வாரு. சாவு வீட்டுல நானும் தேடிப் பார்த்தேன். காணோம்."

ஜோசஃபின் முந்தானையால் வாயைப் பொத்தினார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து வேலாயுதமும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா சிரிக்கிறார் என்பது கிளாரிசாவுக்குத் தெரிந்தது. டேடி போன பிறகு முதல் தடவை.

"அவன் எங்க இருக்கான் இப்போ?" என்றார் வேலாயுதம்.

"அடைச்சு வெச்சிருக்கோம், அங்கிள்," என்றாள் கிளாரிசா.

வேலாயுதம் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தினார்.

காட்டிவிடுவதே சுலபம் என்று பட்டது. சுவிட்சைப் போட்டாள். ஃபேன் நன்றாகவே சுற்றியது. ஜோசஃபின் அதைக் கவனித்தார். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது. பலகைக்கு நடுவே வியாபாரி நின்றான். கோதுமை முளை விட்டிருந்தது.

"இவனா? கட்டம் கட்டமா இருக்கான்!"

"இவன்தான்."

வேலாயுதத்துக்கு விவரம் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கோபம் வரவில்லை. தொழில் புத்தி வந்தது.

"போணி ஆச்சா இவனுக்கு?"

"இல்ல. கோதுமை வெளையணும். வெளையறதுக்குள்ள இவன் போயிடலாம்."

மூவரும் உட்கார்ந்து கோதுமையைப் பார்த்தார்கள். ஜோசஃபின் காப்பி போட எழவில்லை. திரையில் இருட்டியது. வியாபாரி மருந்தைக் குடித்து மறைந்தான்.

"ஐயோ, போயிட்டான்!" என்றார் வேலாயுதம்.

"போகல," என்றார் ஜோசஃபின். "ஆபீசருங்க ரவுண்டு வர்ற நேரம்."

விடிந்தபோது வியாபாரி மறுபடி தெரிந்தான். கோதுமை பழுத்திருந்தது. அவனுக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று கிளாரிசா மனதுக்குள் கணக்குப் போட்டாள். அறுக்கவேண்டும், ஆற்றைத் தாண்டவேண்டும், விற்கவேண்டும், திரும்பவேண்டும். முடியலாம். முடியாமலும் போகலாம். அவன் என்ன வைத்திருக்கிறான் என்று ஒருமுறை திறந்து பார்த்தாள். பேத்தை மீன்.

"இன்னொண்ணா?" என்றார் ஜோசஃபின். பிறகு, "போ மா, சீக்கிரம். அவன் கெளம்பிடப் போறான்."

கிளாரிசா ஒற்றை விரலால் தட்டினாள். பாஸ், துங்கு. கோதுமைக்குள் இறங்கினாள்.