பிலோமி அக்காவின் காரும் ஏறாத முள்ளும்

தேர்வறையிலிருந்து வெளியே வந்து போனை எடுத்தேன். கல்லூரிக் குழுவில் ஒரே வரி. நூலகர் பிலோமினா காலமானார். கீழே கூப்பிய கைகள், வரிசையாக.

நான் கை கூப்பவில்லை. மாடி ஏறினேன். இறங்கினேன். விடைத்தாள் கட்டை யாரிடம் கொடுக்க வேண்டும் என்பது மறந்துபோயிற்று. முந்தின நாள் மாலைகூட அவர் காரில்தான் வீடு திரும்பினேன். இறங்கும்போது, “நாளைக்கு எனக்கு லீவு, பஸ்ல போயிருளா” என்றார். அவ்வளவுதான். இதயம் என்றார்கள்.

அவருடைய நூலகம் உங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி மற்றவர்கள் எழுதுவார்கள். எனக்குத் தெரிந்தது வீடிருந்த தூத்துக்குடிக்கும் கல்லூரி இருந்த திருச்செந்தூருக்கும் நடுவிலுள்ள சாலை. அவருடைய பழைய வெள்ளைக் காரில், பக்கத்து இருக்கையில் மூன்று வருடம் போய் வந்தேன். உப்பளம், பாலம், வாழை, மறுபடி உப்பளம். அவர் சாலையைப் பார்ப்பார். பிறகு எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்ப்பார். மறுபடி சாலை.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியில் இருந்தார். அக்காவுக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு அண்ணன் ஒரு நிபந்தனை போட்டார். வண்டி ஒரு நாள் நடுவழியில் நின்றாலும் சாவி தன்னிடம் வந்துவிட வேண்டும். சாவி போனால் கோயிலுக்கும் கடற்கரைக்கும்கூட யாராவது கூட்டிப்போக வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதுதான். அக்கா பயந்தது அதற்கு. நெஞ்சுக்கு அல்ல.

எஞ்சினில் தெர்மோஸ்டாட் என்று ஒரு சின்ன வால்வு உண்டு. எஞ்சின் சூடாகும்வரை மூடியிருக்கும். சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும். எங்கள் பக்கத்து ஒர்க்‌ஷாப்புகளில் பழைய கார் வந்தால் முதல் வேலை அதைக் கழற்றி எறிவது. எங்கள் மெக்கானிக் செல்லத்துரை அண்ணாச்சி எறிவதில்லை. கழற்றியதையெல்லாம் ஒரு கம்பியில் கோத்துக் கருவாடு போலத் தொங்கவிட்டிருப்பார். அக்காவின் காரிலிருந்து கழற்றியதும் அதில்தான் இருந்தது.

“நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு டீச்சர்? ஒரு நாள் அடச்சிக்கிட்டு வண்டி கொதிச்சா என்னையத்தான் ஏசுவிய,” என்றார் அக்காவிடம்.

“அது இல்லாம எஞ்சின் சூடே ஏற மாட்டேங்கு அண்ணாச்சி. பெட்ரோலக் குடிக்கி. முள்ளு செத்தாப்புல கெடக்கு. மாட்டுங்க.”

“படிச்சவுக சொல்லுதீய.”

“படிப்ப விடுங்க. அந்த முள்ள அப்படிப் பாக்க எனக்குப் புடிக்கல.”

அந்தக் கம்பியிலிருந்தே ஒன்றை உருவி மாட்டினார். அதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. முள் நடுவில் வந்து நின்றது. சில மாதம் அவர் நிம்மதியாக ஓட்டினார்.

ஆறுமுகநேரியை நெருங்கும்போது ஒரு காலை முள் நடுவைத் தாண்டிச் சிவப்புக்குப் போனது. ஓரங்கட்டினார். பானட்டைத் தூக்கினோம். நான் ரேடியேட்டர் மூடிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

“ஏளா, தொடாத! மூஞ்சி வெந்துரும்.”

காத்திருந்தோம். அதாவது அவர் காத்திருந்தார். நான் சாலையோரம் அங்குமிங்கும் நடந்தேன்.

“எஞ்சினு கூட ஆறிரும். நீ ஆற மாட்ட போல.”

சூடு தணிந்ததும் டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இரண்டு போல்ட்டைத் திருகி, அந்த வால்வை வெளியே எடுத்தார். எதிரில் டீக்கடை. ஒரு பழைய சட்டியில் கொதிக்கிற தண்ணீர் கேட்டார். கடைக்காரர் தந்துவிட்டு, உள்ளே விழுந்ததை எட்டிப் பார்த்தார்.

“இனி இந்தச் சட்டில டீ போட்டா குடிக்கவன் ஸ்டார்ட் ஆயிருவாம்லா.”

தண்ணீர் கொதித்தது. வால்வு திறக்கவில்லை.

“வெந்த பெறகும் வாயத் தொறக்காத மட்டிச் சிப்பி இது,” என்றார் அக்கா. “இதத் திங்கக் கூடாது. தூரப் போடணும்.”

போன் அடித்தது. அண்ணன். கல்லூரி போய்ச் சேர்ந்ததும் அவருக்குப் போன் செய்ய வேண்டும் என்பது வழக்கம், அன்று நேரமாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்தார். போனை எடுத்தார்.

“அண்ணே… ஆறுமுகநேரிதான். இந்தப் பிள்ளை டீ வேணும்னு சொன்னா. இந்தா கெளம்பிட்டோம்.”

கடைக்காரர் மூன்று டீ போட்டார். தனக்கும் சேர்த்து.

வால்வு இல்லாமலே தண்ணீர் ஊற்றிக் கிளம்பினோம். முள் அடியில் கிடந்தது. புது வால்வு மதுரையிலிருந்து வர இரண்டு நாள் ஆயிற்று. அதை ஒர்க்‌ஷாப்பிலேயே அண்ணாச்சி முன்னால் அக்கா வெந்நீரில் போட்டு, திறந்ததைப் பார்த்த பிறகுதான் மாட்டவிட்டார்.

“நான் அப்பவே சொன்னேம்லா டீச்சர்.”

“கெட்டதக் கழட்டுங்க அண்ணாச்சி. கெடாததயும் எதுக்குக் கழட்டுதீய?”

“நீங்க சொன்னா மறுபேச்சு உண்டா?” என்றவர், திரும்பி அடுத்த காரிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கம்பியில் கோத்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அந்த வீட்டுக்குப் போனேன். உட்கார முடியவில்லை. அண்ணன் வாசலில், காரின் மேல் கை வைத்து நின்றிருந்தார்.

“ஆறுமுகநேரில வண்டி நின்னுச்சுல்லா?”

நான் காரை ஒரு சுற்று சுற்றி வந்தேன்.

“அன்னைக்குச் சாயந்திரம் நான்தான் வண்டிய எடுத்துட்டு ஹார்பர் வர போனேன். போயிட்டு வந்தும் முள்ளு ஏறல. முந்துன நாளு வர ஏறுன முள்ளு. வழியில வால்வக் கழட்டிருக்காவன்னு தெரிஞ்சிபோச்சி. அவளா சொல்லட்டும்னு இருந்தேன். சொல்லல. சாவியக் கேக்கணும்னு ரெண்டு நாள் படியேறுனேன். ரெண்டு நாளும் பாடிக்கிட்டுக் கெடந்தா. எறங்கி வந்துட்டேன்.”

பேருந்தில் திரும்பும்போது அது என்னை விடவில்லை. ஒளித்துவிட்டோம் என்று அக்கா நம்பினார். தெரிந்தும் அண்ணன் விட்டுவைத்தார். அப்படியென்றால் அந்தச் சுதந்திரம் அக்கா எடுத்துக்கொண்டதா, அவருக்குக் கொடுக்கப்பட்டதா? இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன். அண்ணன் நல்லவர். அவருடைய இரக்கம் அவரிடமே இருக்கட்டும்.

நான் வைத்துக்கொள்வது அக்கா அறிந்த கதையை மட்டும். அதில் அவரை யாரும் இரக்கப்பட்டு விட்டுவைக்கவில்லை. அவரே போனார், அவரே வந்தார்.